புரட்டாசியில் லீக்ஸ் தின்றவர்கள்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு தகவல். ஒரகடம் கூட்டு ரோடு சூப்பர் மார்க்கெட்டில், காலிஃப்ளவருக்கும் காளானுக்கும் நடுவே, பிளாஸ்டிக் தாள் சுற்றி லீக்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். முழங்கை நீளம், கீழே வெள்ளை, மேலே போகப் போகப் பச்சை. வெங்காயத்தாளுக்கு யாரோ காற்றடித்துவிட்டதுபோல இருக்கும். போன வாரம் நான் போனபோது, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய ஒரு பெண் அதைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பி, "இத்த இன்னா பண்றதுன்னு கேளுடி" என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாற்பதைத் தாண்டியபின் நமக்கு வராமல் போகும் முதல் திறமை அதுதான். கால் மணி நேரம் அவளுக்குச் சமையல் குறிப்பு சொன்னேன். அவள் காளான் வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு லீக்ஸை எழுதிக் கொடுத்தவர் ஒரு டயட்டீஷியன். நார்ச்சத்து உண்டு, ஃபோலேட் உண்டு, வைட்டமின் கே உண்டு, கலோரி குறைவு, குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளுக்கு அது விருந்து என்றார். என் குடலில் நல்லது ஏதோ குடியிருக்கிறது என்று கேட்டதே ஆறுதலாக இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். நம் செட்டில் இது யார் யாருக்கு என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். கடைசியில் அவர், "நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க மேடம், இப்பதான் இங்கெல்லாம் வருது" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் அதுதான் சமையல் என்றேன். மரியாதைக்குச் சிரித்தார்.

அவர் நம்பாததில் தப்பில்லை. அந்த நாளில் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவிலேயே லீக்ஸ் கூட்டு கொதித்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் புரட்டாசி மாதத்தில், விரதத்துக்கு நடுவில்.

கம்பெனிகள் வந்த புதிது. ஏரிக்கு அந்தப் பக்கம் நெல் இருந்த இடத்தில் நீலத் தகரக் கூரைகள் முளைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் தண்டலம் பக்கம் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். ஐந்து போர்ஷனுக்கு ஓர் அடிபம்பு. அப்பா, கார்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். பதவி ட்ரெய்னி. மீசையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் ட்ரெய்னி. பக்கத்து போர்ஷனில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குடியிருந்தார்கள். சுவரில் மாதா படம், அதன் கீழே எப்போதும் எரிகிற ஒரு சின்ன சிவப்பு பல்பு. அந்த அண்ணனும் அப்பாவும் ஒரே லைன், ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டு. தீபாவளிக்கு முன்னால் பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டுவார்கள் என்றும், அந்த லைனிலிருந்து ஒருத்தர்தான் என்றும் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் இருவரும் அதே சீட்டில்தான் உட்கார்ந்து போனார்கள். எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

புரட்டாசி பிறந்த அன்று காலை, அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"லிஸ்ட் ஒட்ற வரைக்கும் இந்த வூட்டு வாசப்படிய வெங்காயமும் பூண்டும் தாண்டக் கூடாது. பெருமாள் கிட்ட சொல்லிட்டேன்."

அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "கறி மீன வுடறதுதானேமே வழக்கம்?"

"அது ஊரே வுடறது. நமக்குன்னு ஒண்ணு வுட வேணாமா?"

"பெருமாள் கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்" என்றார் அப்பா. அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

எங்கள் வீட்டில் கறி என்பது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வெங்காயம் தினசரி. உண்மையில் எங்கள் சமையலே வெங்காயம்தான். மற்றதெல்லாம் அதற்குத் துணை. சின்ன வெங்காயம் இல்லாத சாம்பாரை அப்பா முதல் நாள் கரண்டியால் கிளறிப் பார்த்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி நீண்ட நேரம் கிளறினார். மூன்றாம் நாள் பாதிச் சோற்றில் எழுந்தார். ஐந்தாம் நாளிலிருந்து மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பா போன கனத்திலேயே திரும்பி வந்தது. ஷிப்ட் மாறி மாறிப் போய் அவர் வயிறு ஏற்கெனவே புண். காலையில் டீ, மதியம் டீ, சாயங்காலம் சோடா என்று ஓட்டினார். கன்னம் ஒட்டியது. அம்மா அதையும் விரதப் பலனில் சேர்த்துக்கொண்டார். "மொகத்துல ஒரு களை வந்திருக்கு பாரு" என்றார் என்னிடம். நான் பார்த்தேன். எலும்புதான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. பக்கத்து அக்கா வேலை முடிந்து வரும்போது இடுப்பில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சமைத்தது ஒரு கெஸ்ட் ஹவுஸில். மெஷின் மாட்ட வந்திருந்த கொரியா இன்ஜினீயர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்கள் தங்கள் ஊரில் கிடைக்கும் ஏதோ ஒரு நீளமான பச்சைத் தண்டு வேண்டும் என்று படம் வரைந்து கொடுக்க, கான்டிராக்டர் அந்தப் படத்தோடு கோயம்பேடு போய், ஊட்டி லாரியில் வந்த லீக்ஸை மூட்டையாக இறக்கிவிட்டார். இன்ஜினீயர்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, இது அது இல்லை என்று கையாட்டிவிட்டார்கள். மூட்டை குளிர் அறையில் கிடந்தது.

அக்கா பெட்டியைத் திறந்தார். இரண்டு தண்டு, ஈரச் சாக்கில் சுற்றியிருந்தது.

"இது இன்னாம்மா? வெங்காயமா?" அம்மா ஓரடி பின்வாங்கினார்.

"வெங்காயத்துக்கு அடியில உருண்ட இருக்கும்லா மதினி. இதுக்கு இருக்கா பாருங்க."

அம்மா குனிந்து பார்த்தார். உருண்டை இல்லை. வேரடி வரைக்கும் ஒரே பருமன், நேராக இருந்தது. ஆனாலும் அம்மா அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. விசாரணை தொடங்கியது. மேல் தோல் சருகாக உரிகிறதா? இல்லை. நறுக்கினால் கண் எரிகிறதா? அரிவாள்மணையில் ஒரு துண்டு போட்டுவிட்டு, கண்ணை அகல விழித்துக்கொண்டு அரை நிமிடம் அதன்மேல் முகத்தை நீட்டியிருந்தார். எரியவில்லை. வாசனை? "லேசா கீது" என்றார். "கொத்தமல்லிக்குக்கூட தான் வாசன கீது." தீர்ப்பு: இது ஒருவகைக் கீரைத்தண்டு. மேல்முறையீடாக அப்பாவிடம் போனது. அவர் கம்பெனியில் பீஸ் சோதிப்பதுபோலத் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "விஷுவல் ஓகே. லைன்ல ஏத்து" என்றார்.

அக்கா ஈரச் சாக்கை உதறி மடித்தார். காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கீரைத்தண்டு என்று முடிவானதால் அம்மா அதைக் கீரைத்தண்டாகவே நடத்தினார். வெளியே ஒரு கழுவு, வட்ட வட்டமாக ஒரு நறுக்கு, கடுகு தாளித்துப் பொரியல். அப்பா முதல் வாய் வைத்தார். நறநறவென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னாமே, வாய்க்குள்ள ரோடு போடறியா?"

நம் ஊர்க் காய்களுக்கு மண் வெளியில் இருக்கும். லீக்ஸுக்கு உள்ளே இருக்கும். தண்டு வெள்ளையாக வர வேண்டும் என்று சுற்றிலும் மண் அணைத்து வளர்ப்பதால், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மண் போய் உட்கார்ந்துவிடுகிறது. மறுநாள் அக்கா வந்து செய்து காட்டினார். வேரை நறுக்கி, தண்டை நீளவாக்கில் பிளந்து, அலுமினியப் பேசினில் முக்கி, சீட்டுக்கட்டை விரிப்பதுபோல மடல்களை விரல்களால் விரித்தார். தண்ணீர் கலங்கியது. "அப்படியே சாச்சு ஊத்துனா மண்ணு திரும்ப மேலேயே விழும். கையால அள்ளி எடுக்கணும், கேட்டியா" என்றார் என்னிடம். பேசின் அடியில் ஒரு கைப்பிடி ஊட்டி கிடந்தது.

சமைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், சூப்பர் மார்க்கெட் பெண் கேட்காமல் போய்விட்டாள். வெள்ளைப் பகுதியும் இளம்பச்சையும் சீக்கிரம் வேகும். கரும்பச்சை இலை முரடு, அதைத் தனியாக மெல்லிசாக நறுக்கி முதலில் போட வேண்டும். எண்ணெய் விட்டு, உப்பைத் தூவி, தீயைச் சின்னதாக்கி மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே குழைந்துவிடும். அவசரப்பட்டுச் சிவக்க வறுத்தால் கசக்கும். அம்மா அதில் வெந்த பாசிப்பருப்பும் தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்துக் கூட்டு வைத்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனையை மீறிக்கொண்டு வந்தது ஒரு மணம். இனிப்பாக, ஈரமாக, எங்கேயோ பழகியதாக. நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் மூக்கைத் தூக்கினோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று அப்பா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்டி வந்தது. கூட்டு, பொரியல், பச்சை இலை போட்டுப் புளிக்குழம்பு, அடை மாவில்கூட. டப்பா காலியாகத் திரும்பியது. அப்பா வயிறு சமாதானமானது. ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்தார். "விரதம் இருந்தா ஒடம்பே தனியா தெரியுது" என்று அம்மா பம்படியில் பிரச்சாரம் செய்தார். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குப் பெட்டி வருவது நிற்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது என் அறிவுத் தாகம். அப்போதிருந்தே இருக்கிறது, இதுவரை ஒரு லாபமும் கிடையாது. எங்கள் வீட்டுக் கீரைத்தண்டை வகுப்பில் பெருமையடிக்க நினைத்து ஒரு துண்டு இலையைக் கணக்கு நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போய் அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். அவர் கசக்கி முகர்ந்தார். ஊட்டியில் படித்தவர்.

"லீக்ஸ்டி இது. உங்களுக்கு எங்க கெடைச்சுது? வெங்காயம், பூண்டு, இது எல்லாம் ஒரே குடும்பம். வெங்காயத்துக்குப் பங்காளின்னு வெச்சுக்கயேன்."

பங்காளி என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. வேறு குடும்பம் என்றால் பெருமாளிடம் வாதாடலாம். பங்காளி என்றால் தீட்டுக்கூட உண்டே.

லிஸ்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சொன்னால், அம்மா அப்பாவுக்கு லீக்ஸை நிறுத்திவிடுவார். அப்பா மறுபடி சோடாவுக்குப் போவார். சொல்லாவிட்டால், விரதம் தினமும் உடைந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு அப்பாவின் வேலையை நான்தான் கெடுக்கிறேன். நேராக அக்காவிடம் போனேன். அவர் அண்ணனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது வெங்காயத்தோட பங்காளியாம். ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஏட்டி, வருசக்கணக்கா வெங்காயம் உரிக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அக்கா கஞ்சியை ஓரமாக வைத்தார். "ஒங்க அப்பா மெஷின் பக்கத்துல நின்னு ஒருநா தள்ளாடிட்டாவ. எங்க வீட்டு இவியதான் புடிச்சிருக்காவ. சூப்பர்வைசர் காதுல விழாம இவியளே அந்தப் பீஸையும் ஓட்டிட்டு வந்தாவ. பிரஸ்ஸுல கை வைக்கிற மனுசன் வெறும் வயித்தோட நிக்கலாமா? கை போச்சுன்னா யாரு தருவா?"

உள்ளே படுத்திருந்த அண்ணன், "பிள்ளகிட்ட இதெல்லாம் ஏன் சொல்லுத?" என்றார்.

"அவளே வந்து கேக்கா, நான் என்ன செய்ய?" என்றவர் என்னிடம் திரும்பி, "ஒங்க அம்ம தெரியாம தின்னா அது பாவம் இல்ல. தெரிஞ்சாத்தான் பாவம். இப்ப தெரிஞ்சது ஒனக்கு மட்டுந்தான்" என்றார்.

அவர் சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் கணக்குப்படி பார்த்தால் பாவம் முழுக்க என் தலையில் வந்து நின்றது. நான் ஒரு முடிவெடுத்தேன். குடும்பத்தின் சார்பாக உண்மையான விரதத்தை நான் இருப்பது. அன்றிலிருந்து கூட்டைத் தொடவில்லை. மோர்ச் சோறு, ஊறுகாய். பெருமாளிடம் இதைத் தனியாகத் தெரிவித்தும்விட்டேன்.

பெரியவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை. "தொரை வூட்டுப் பொண்ணு, கூட்டு எறங்கலியாம்" என்றார் அப்பா. அம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வயிற்றில் பூச்சி என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை விடியற்காலை, பெருமாளுக்கு உகந்த நாளில், என் மூக்கைப் பிடித்து ஒரு குழிக்கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினார். அன்று முழுவதும் நான் கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அந்தப் பேதியைக் கம்பெனி நிர்வாகம் கவனத்தில் எடுத்துக்கொள்ளும் என்று மனமார நம்பினேன். வெளியே சொன்னால் சிரிப்பீர்கள், காலேஜ் போகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

லிஸ்ட் ஒரு திங்கட்கிழமை ஒட்டினார்கள். நாலு மணிக்கு பஸ் வந்து நின்றது. முதலில் அப்பா இறங்கினார். அவருடைய நடையிலேயே தெரிந்துவிட்டது. பின்னால் அண்ணன் இறங்கினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் டப்பாவைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு. அட்டெண்டன்ஸில் மூன்று நாள் குறைகிறது என்று சொல்லிவிட்டார்களாம். அப்பாவுக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

அந்த வரியை அன்று நான் கேட்டேன், புரியவில்லை. இப்போது எழுதும்போது வேறெதுவும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று படுகிறது. அப்பாவின் பெயரை அந்தத் தாளில் ஏற்றியது ஒரு நாளும் விடாமல் நின்ற அவர் கால்கள். நிற்கவைத்தது சோறு. அந்தச் சோற்றை உள்ளே இறக்கியது எது, அதைக் கொண்டுவந்தது யார் என்பதெல்லாம் எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த விஷயம்.

மறுநாள் காலை அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்து ஐந்து போர்ஷனுக்கும் கொடுத்தார். கடைசியாகப் பம்படிக்கு வந்தார். அக்கா குடம் வைத்துக்கொண்டிருந்தார். நான் அலுமினியப் பேசினோடு பின்னால் நின்றேன். அம்மா கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு உலகமே ஒரு நேர்கோட்டில் அமைந்திருந்தது, அதை யாருக்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தப்பா நெனைச்சுக்காதம்மா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீயும் ஒரு மாசம் வெங்காயம் பூண்ட வுட்டுப் பாத்திருக்கலாம். எந்தச் சாமியானா இன்னா, ஒண்ண வுட்டாத்தான ஒண்ணு குடுக்கும்."

அக்கா பொங்கலை வாங்கித் தூணோரம் வைத்தார். "விட்டிருக்கலாம்தான் மதினி. வெங்காயம் இல்லாம இவியளுக்குத் தொண்டைல எறங்காதுல்லா."

"எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் எறங்குமா? இருந்தமா இல்லியா? ஏண்டி, நீயே சொல்லு. இந்த ஒரு மாசத்துல நம்ம வூட்ல வெங்காயத்தோட வாசனையாவது அடிச்சிருக்குமா?"

அக்கா குடத்தைப் பம்புக்கு அடியில் நேராக வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. ஒரு வாக்கியம் போதும், அவரிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

"கேட்டியளா, பிள்ளையே சொல்லிட்டா" என்று அக்கா பம்பு அடிக்கத் தொடங்கினார்.